நிற்காமல் போகிற வண்டியைத் துரத்துவது பற்றி: காவல்துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், ராத்திரி வாகனச் சோதனைக்கு ஆள் போடுகிற எஸ்.பி.க்கள், கமிஷனர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கை காட்டியும் நிற்காமல் போகிற வண்டியை எப்போது துரத்தலாம், எப்போது துரத்தக் கூடாது, துரத்துவதென்றால் யார் உத்தரவில், எந்த வண்டியில், எதுவரைக்கும் என்று ஒரு விதி எழுதுங்கள். எழுதி, சோதனையில் நிற்கிற கடைசிக் காவலர் வரைக்கும் அதைக் கையில் கொடுங்கள், எங்களுக்கும் படிக்கக் கொடுங்கள். ஒரு சாவு நடந்ததும் 'பொதுமக்களிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள்' என்று ஒரு அறிவுரை போவதும், ஆறு மாதத்தில் எல்லோரும் அதை மறப்பதும் நமக்குப் பழகிவிட்டது. கனிவான மனிதரும் அந்த நேரத்து வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவார், அய்யா. அந்த நொடியில் அவரைப் பிடித்து நிறுத்த ஏற்கெனவே மனப்பாடமாகிப் போன ஒரு விதி வேண்டும்.

திருச்சி பக்கத்துக்காரன் என்பதால் திருச்சியையே சொல்கிறேன். 2018 மார்ச் 7. துவாக்குடி பக்கம் ஹெல்மெட் சோதனை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பைக்கில் வந்த கணவன் மனைவி நிற்காமல் போகிறார்கள். போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் தன் வண்டியில் அவர்களைத் துரத்தி, பெல் கணேசா ரவுண்டானா பக்கம் வந்து, ஓடுகிற பைக்கை எட்டி உதைத்தார் என்பது வழக்கு. கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். அன்று ராத்திரி ஆயிரக்கணக்கான ஜனம் திருச்சி-தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தது, கல்வீச்சு, தடியடி, கைது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆய்வாளரைச் சிறையில் போட்டார்கள். ஹெல்மெட் என்பது தலை உடையாமல் இருக்கத்தானே? அதற்கான சோதனையில் ஒரு உயிர் போனது.

அதே ரவுண்டானாவுக்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் நவல்பட்டு காவல் நிலையம். 2021 நவம்பரில் ஒரு ராத்திரி, ரோந்தில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைப் பார்த்துத் துரத்தினார். திருச்சி மாவட்ட எல்லையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி வரைக்கும் போய் ஆளையும் பிடித்துவிட்டார். தனி ஆள். போனில் உதவி கேட்டார் என்று செய்திகளில் வந்தது. ஆள் வந்து சேர்வதற்குள் அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். முதலமைச்சர் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, ராத்திரி ரோந்துக்குப் போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துப் போகச் சொன்னார்.

பூமிநாதனைக் குறை சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவர் தன் வேலையைப் பார்த்தார். என் கேள்வி துறையிடம்தான். துப்பாக்கி எடுத்துப் போ என்றீர்கள், சரி. தனியாகத் துரத்தாதே, அடுத்த மாவட்டத்துக்கு வயர்லெஸ் மைக்கில் சொல்லிவிட்டு நின்றுகொள், உன் உயிர் ஆட்டைவிடப் பெரியது என்பதை ஏன் அதே அளவு சத்தமாகச் சொல்லவில்லை? துவாக்குடியில் துரத்தப்பட்டவர் செத்தார், நவல்பட்டில் துரத்தியவர் செத்தார். ஒன்றில் போலீஸ் குற்றவாளி, இன்னொன்றில் போலீஸ் தியாகி என்று நாம் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒரே விஷயம்: 'நிறுத்து, திரும்பி வா' என்று சொல்ல அதிகாரம் உள்ள இன்னொரு குரல்.

சட்டத்தைப் பொறுத்தவரை புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 43-ஆம் பிரிவு, கைதுக்குத் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்று சொன்ன கையோடு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்படாத ஒருவருக்குச் சாவை உண்டாக்க இது உரிமை தராது என்றும் சொல்கிறது. ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாயும் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும்தான். ஓடுகிற பைக்கை உதைப்பதும், ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பதும், முதுகுக்கு லத்தி வீசுவதும் சாவை உண்டாக்கக்கூடிய செயல் என்று தெரிய டாக்டர் பட்டம் வேண்டாம்.

இந்த ஹெல்மெட் அபராதத்தைச் சொல்கிற அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் செய்த வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால், உரிமையாளர் சொல்லியாக வேண்டும். எவ்வளவு பெரிய ஆயுதம் இது! நம்பரைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலையில், அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டு வாசலில் போய் நின்றால் போதும். வண்டியும் அங்கேதான் நிற்கும், ஆளும் அங்கேதான் இருப்பார். ஆனால் அதைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் அதில் காலை வேலை அதிகம், துரத்தலில் ராத்திரி வீரம் அதிகம்.

சரி, முதலில் 'நிற்காமல் போனவர்' என்று நீங்கள் எழுதுகிற எல்லோருமே நிற்காமல் போனவர்கள்தானா என்று பார்ப்போம். ராத்திரிச் சோதனை எப்படி நடக்கிறது என்று அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, பைக்கில் வந்து பாருங்கள். பாலம் இறங்கும் இடத்திலோ, புளிய மரத்து நிழலிலோ, வளைவு முடிந்த கையோடோ இரண்டு பேரிகேட் கிடக்கும். அதில் நகைக்கடை விளம்பரமோ ஜவுளிக்கடை விளம்பரமோ பெரிதாக இருக்கும், ஒளி திருப்புகிற ஸ்டிக்கர் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து போயிருக்கும், சில இடத்தில் விளம்பரத் தகடே அதை மறைத்திருக்கும். காக்கி உடுப்பு இருட்டோடு இருட்டாக இருக்கும். திடீரென்று ஒருவர் செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு லத்தியோடு ரோட்டுக்கு நடுவில் வருவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். இருபது மீட்டரில் அவர் ரோட்டுக்கு வந்தால், பார்த்து, 'போலீஸா, திருடனா' என்று மூளை தீர்மானித்து, கை பிரேக்கைத் தொடும்போது வண்டி அவரைத் தாண்டியிருக்கும். ரோடு போடுகிற பொறியாளர்கள் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 80 மீட்டர், 80 கிலோமீட்டருக்கு 120 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் வைத்த கணக்குதான். ரோட்டுக்கு இந்தக் கணக்கு இருக்கும்போது ரோட்டில் நிற்கிற போலீஸுக்கு ஏன் இல்லை? 80 மீட்டருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத சோதனையில் நிற்காமல் போனவரைத் தப்பி ஓடியவர் என்று எழுதக் கூடாது. உங்கள் விதியின் முதல் வரியாக இதைப் போட்டால்கூடத் தகும்.

அடுத்தது, நிஜமாகவே ஓடுகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோர் எதற்கு ஓடுகிறார்கள் என்று உங்கள் காவலர்களையே கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000, இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் 2,000, ஹெல்மெட்டுக்கு 1,000. அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொண்டு பரோட்டா வாங்க வந்த பையனுக்கு மொத்தம் 8,000 ரூபாய். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் இன்னும் மோசம், அப்பாவுக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் என்று 199ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பையன் பேரிகேட்டைப் பார்த்ததும் சட்டத்தை நினைப்பதில்லை, அப்பாவை நினைக்கிறான். முறுக்குகிறான். நான் அவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை, அவன் செய்தது தப்பு, அவனுக்கும் அப்பாவுக்கும் நோட்டீஸ் போகட்டும். ஆனால் பின்னால் ஒரு புல்லட் சத்தம் கேட்டால் அந்த வயசுக்கு இன்னும் வேகமாகப் போகத்தான் தெரியும், ஓரம் கட்டத் தெரியாது. அவன் போய் மோதுவது அவன் தலையெழுத்து என்று விட்டுவிடலாம் என்றால், எதிரே பால்கேனோடு வருகிற மனிதர் என்ன பாவம் செய்தார்?

துரத்துகிறவர் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்திலேயே ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியப்பா உண்டு. அவர் சொல்வார்: "நிக்காமப் போனவன் கேஸு முக்கியமில்லடா, பக்கத்துல நிக்கிற பத்துப் பேரு பாத்துக்கிட்டிருக்கான் பாரு, அதுதான் ஏறும் தலைக்கு." அதோடு பெட்டிக் கேஸ் கணக்கு. ராத்திரிக்கு இத்தனை கேஸ் என்று வாய்வழியாகக் கேட்கிற வழக்கம் எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது, ஆனால் காலையில் மைக்கில் திட்டு வாங்குகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு கையால் கணக்குக் கேட்டுக்கொண்டு மறு கையால் 'துரத்தாதே' என்று எழுதினால் கீழே உள்ளவர் எதைக் கேட்பார்? விதி எழுதுகிற அன்றே அந்தக் கணக்கையும் நிறுத்துங்கள்.

இப்போது நீங்கள் கேட்கப்போகிற கேள்வி எனக்கும் தெரியும். துரத்த மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் நாளைக்கு ஒருத்தனும் நிற்க மாட்டானே? நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2021-ல் துரத்தலுக்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டது. நிற்காமல் போகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று போலீஸும் ஊரும் சத்தம் போட, 2023-ல் கொஞ்சம் தளர்த்தி, 2024-ல் இன்னும் தளர்த்திவிட்டார்கள். மில்வாக்கி நகரத்திலும் 2010-ல் இறுக்கி 2017-ல் தளர்த்தினார்கள். ஆகவே 'துரத்தாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் வேலைக்கு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம் வேறு மாதிரி யோசித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து, கொலை மாதிரி பெரிய குற்றம் என்றால்தான் துரத்தல். மற்றதற்கெல்லாம், போலீஸ் நிறுத்தச் சொல்லியும் போவதே தனிக் குற்றம், அதற்கு வலிக்கிற மாதிரி தண்டனை. வண்டி உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். ஓட்டியது யார் என்று அவர் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித்தர வேண்டும், தராவிட்டால் அவரே ஓட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் 133 இருக்கிறது, உத்தரவை மீறியதற்கு 179 இருக்கிறது, ஆனால் 179-க்கு 2,000 ரூபாய்தான். லைசென்ஸ் இல்லாமல் சிக்கினால் 5,000, ஓடிப்போனால் 2,000. கணக்குத் தெரிந்த எவனும் ஓடத்தான் செய்வான்! இதை மாற்றச் சொல்லி அரசுக்கு எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். ஓடினால் நின்றதைவிட மூன்று மடங்கு செலவு, வண்டி ஒரு மாதம் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காயும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் துரத்தாமலே நிற்பார்கள்.

நம்பர் பிளேட்டே இல்லாத வண்டி, போலி நம்பர், செயின் பறித்துவிட்டுப் போகிற திருட்டு பைக், இதற்கெல்லாம் மறுநாள் காலை வீட்டு வாசல் உதவாது. உண்மைதான். குழந்தையைக் கடத்திக்கொண்டு போகிற காரைப் பார்த்து நம்பர் குறித்துக்கொண்டு நின்றால் அந்தப் போலீஸை நானே திட்டுவேன். அதனால்தான் கேட்பது தடை அல்ல, விதி. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு ஆபத்தைத் தாங்கலாம் என்ற அளவுகோல். அதுவும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர் தானே முடிவு செய்யக் கூடாது. பிரிட்டனில் துரத்துகிற வண்டி கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லியாக வேண்டும்: என்ன வேகம், எப்படிப்பட்ட ரோடு, எவ்வளவு கூட்டம், என்ன சந்தேகம். தொடரலாமா கூடாதா என்பதை அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். அவருக்கு நெஞ்சு படபடப்பதில்லை, பக்கத்தில் பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பதில்லை. அதற்கென்று பயிற்சி எடுக்காத டிரைவர், வண்டியை நிறுத்துகிற கட்டத்துக்கே போக முடியாது. நம் கண்ட்ரோல் ரூமிலும் மைக் இருக்கிறது, ராத்திரி முழுக்க ஆள் இருக்கிறார். புதிதாக வாங்க ஒன்றுமில்லை.

நிறுத்துகிற முறைகளும் அப்படித்தான், எல்லாம் எல்லா வண்டிக்கும் ஆகாது. கார் என்றால் பயிற்சி பெற்ற மூன்று நான்கு வண்டிகள் முன்னும் பின்னும் பக்கத்திலும் வந்து மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து நிறுத்துவார்கள். ரோட்டில் ஆணிப் பட்டை போடுவதும் உண்டு, அந்த ஆணி உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், டயர் வெடிக்காமல் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இதைக்கூட இரண்டு சக்கர வண்டிக்குப் போடுவது வழக்கமில்லை, காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், காற்று இறங்கினால் கார் நிற்கும், பைக் சாயும். அமெரிக்காவில் பின்பக்கத்தை இடித்துச் சுழற்றி நிறுத்துகிற முறை ஒன்று உண்டு, அதைப் பார்த்துவிட்டு இங்கே யாராவது பொலிரோவால் பைக்கை இடிக்கக் கிளம்பாமல் இருந்தால் சரி. நம் ஊரில் நிற்காமல் போவது பெரும்பாலும் பைக், துரத்துவதும் பைக். ஓடுகிற பைக்கைப் பக்கத்தில் போய் பத்திரமாக நிறுத்த உலகத்தில் யாரிடமும் வித்தை கிடையாது. ஆகையால் பைக்கைப் பைக்கில் துரத்தாதே என்பது ஒரே வரியில் விதி ஆகிவிடும். முன்னால் இருக்கிற சோதனைக்கு மைக்கில் சொல்லட்டும். துவாக்குடியில் தப்பியவர் திருவெறும்பூரைத் தாண்டித்தான் பால்பண்ணைக்குப் போக வேண்டும், பறந்தா போய்விடுவார்?

பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். ஹெல்மெட் போடாதவரைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, ரோட்டுக்கு நடுவில் பாய்ந்து மறிக்கக் கூடாது, கேமராவைப் பயன்படுத்துங்கள் என்று 2019 நவம்பரில் அந்த மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. சொல்லி ஈரம் காய்வதற்குள், அதே மாதக் கடைசியில், கொல்லம் மாவட்டம் கடக்கலில் நிற்காமல் போன பைக்காரர் மீது ஒரு காவலர் லத்தியை வீச, அவர் எதிரே வந்த வண்டியில் போய் மோதினார். காவலரை சஸ்பெண்ட் செய்தார்கள். தீர்ப்பு பேப்பரில் இருந்தது, லத்தி கையில் இருந்தது. பிறகு 2023 ஜூனில் 726 கேமராக்களை வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். அதிலும் சண்டை, ஊழல் புகார், அரசியல் எல்லாம் வந்தது, அது வேறு கதை. ஆனால் கேமரா யாரையும் எட்டி உதைக்காது. சென்னை அண்ணா நகரில் 2019-லேயே நம்பர் பிளேட் படிக்கிற கேமரா வைத்தவர்கள்தானே நாம், திருச்சி-தஞ்சாவூர் ரோட்டுக்கு நான்கு வைக்க முடியாதா?

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஒவ்வொரு துரத்தலையும் எழுதி வையுங்கள். யார், எதற்கு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து எதுவரை, யார் அனுமதி, யார் நிறுத்தச் சொன்னது, யாருக்கு என்ன ஆனது. ஒரு பக்கம் போதும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே மாதம் பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்து ஈலி பகுதியில் நடந்ததே சாட்சி. ஒரே மின்சார பைக்கில் போன இரண்டு பையன்கள் விபத்தில் இறந்தார்கள். அன்று ராத்திரியே ஊர் எரிந்தது. போலீஸ் துரத்தவில்லை என்று, காவல்துறையை மேற்பார்க்கத் தேர்தலில் ஜெயித்து வந்த அங்கத்திய ஆணையர் மறுநாள் முதலில் சொன்னார். விபத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போலீஸ் வேன் அந்த வண்டிக்குப் பின்னால் போவது தனியார் கேமராவில் இருந்தது. விதி இருக்கிற ஊரிலேயே இப்படி. இங்கே 'தானாகச் சறுக்கி விழுந்தார்' என்று எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி வந்தால், அது உண்மையாகவே இருந்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. உங்கள் காவலரைக் காப்பாற்றுவதற்கும் அந்த ஒரு பக்கம்தான் உதவும்.

வருடத்துக்கு ஒரு முறை மாவட்டவாரியாக அந்தக் கணக்கை வெளியிடுங்கள்: எத்தனை துரத்தல், எத்தனை பாதியில் நிறுத்தப்பட்டது, எத்தனை பேர் காயம், அதில் எத்தனை பேர் போலீஸ். முதல் வருடம் கணக்கு அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை, வெளியிடுங்கள். அதுவரைக்கும் இந்த வாரமே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பேரிகேட்டில் உள்ள விளம்பரத் தகடுகளைக் கழற்றிவிட்டு ஒளி திருப்புகிற ஸ்டிக்கரை முழுசாக ஒட்டச் சொல்லுங்கள், நிற்கிற காவலர்களுக்கு மினுங்குகிற மேல்சட்டையும் ஒரு நல்ல சிவப்பு டார்ச்சும் கொடுங்கள், பாலத்து இறக்கத்தில் போட்டிருக்கிற சோதனையை நூறு மீட்டர் தள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம், உங்கள் மைக்கில் ஒரு வார்த்தை போதும்.

இப்படிக்கு,
திருச்சி-தஞ்சாவூர் ரோட்டில் தினமும் ஹெல்மெட்டோடு போய்வருகிற ஒருவன்